வி.பி.எஸ்.ஸை (விடுமுறை வேதாகமப் பள்ளியை) கோவில் காம்பவுண்டுக்கு வெளியே நடத்துவது: செய்தவர்கள் சொல்லுங்கள்

தேரிக்காட்டான்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாத்தான்குளம் பக்கம் ஒரு சின்ன கிராம சபை எங்களுடையது. இந்த வருடம் வி.பி.எஸ். பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பையனாக இருந்த காலத்தில் கோவிலுக்குள் (சர்ச்சுக்குள்) இடம் போதாமல் வேப்பமரத்தடியில் ஒரு வகுப்பு, உபதேசியார் வீட்டுத் திண்ணையில் ஒரு வகுப்பு என்று நடக்கும். இப்போது சபைக் குடும்பங்களில் பாதிக்கு மேல் தூத்துக்குடி, சென்னை, திருப்பூர் என்று போயாச்சு, ஊரில் இருப்பது தாத்தா பாட்டிகள்தான். மே லீவுக்கு வருகிற பேரப்பிள்ளைகளை வைத்து ஒப்பேற்றுகிறோம். அவர்களும் அங்கே அதே புத்தகம், அதே செய்கைப் பாட்டு எல்லாம் முடித்துவிட்டு வருகிறார்கள். போன வருடம் முதல் நாளே ஒரு பொடியன் "இது போர் அங்கிள், எனக்கு எல்லாம் தெரியும்" என்று எழுந்து போய்விட்டான்.

ஆனால் ஊரில் பிள்ளைகளே இல்லை என்று சொல்ல முடியாது. கோவிலுக்குப் பின்னால் இரண்டு தெரு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி, சாயங்காலம் ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கூச்சல். பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். பிள்ளைகள் கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறார்கள், கூப்பிட்டால் ஒருநாள் வருகிறார்கள், மறுநாள் காணோம். அதனால் இந்த முறை காலையில் கோவிலுக்குள் வைக்காமல் சாயங்காலம் தெருவிலேயே வைக்கலாமா, பிள்ளைகளோடு அப்பா அம்மாவும் வந்து உட்காருகிற மாதிரி செய்யலாமா என்று ஒரு எண்ணம். கமிட்டியில் ஒரு பெரியவர் "வம்பை விலைக்கு வாங்காதே" என்கிறார். வாலிபர்கள் லோடு ஆட்டோவில் மைக் செட் கட்டி ஊரைச் சுற்றலாம் என்கிறார்கள். நடுவில் நான்.

ரஸ்னா_தம்ளர்:

மைக் செட் மட்டும் வேண்டாம் அண்ணே. மற்றதை அப்புறம் பேசுவோம்.

முன்னாள்_டைரக்டர்:

தம்பி, இந்த வேலை தெருவில் பிறந்ததுதான், நாம்தான் அதற்குச் சுவர் எழுப்பினோம். ஞாயிறு பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் 1780 இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியது கோவிலுக்குள் இல்லை, ஒரு பெண்மணியின் வீட்டில். அவர் பத்திரிகை நடத்தியவர், குருவானவர் அல்ல. ஆறு நாளும் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கு முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வேதாகமம்தான் பாடப்புத்தகம். அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அது ஒன்றுதான் பள்ளிக்கூடம்.

அப்புறம் 1868 இல் ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் வேல்ஸில் லாண்டட்னோ கடற்கரைக்குப் போனபோது மணலில் "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று பெரிய எழுத்தாக எழுதி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கல்லாலும் கிளிஞ்சலாலும் அலங்கரிக்கச் சொன்னார். பிள்ளைகள் அதைச் செய்து முடித்த பிறகு கதை சொன்னார். ஸ்கிரிப்சர் யூனியன் என்ற ஊழிய அமைப்பு வளர்ந்த வேர்களில் அதுவும் ஒன்று. நம் வி.பி.எஸ்.ஸுக்கு மூத்ததாகச் சொல்லப்படுவது 1898 இல் நியூயார்க் கிழக்குப் பகுதியில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார் வைத்த கோடைப் பள்ளி. அவருக்குக் கிடைத்த இடம் ஒரு பீர்க்கடை ஹால்! வாடகைக்கு எடுத்தார். இன்றைக்கு நம் கமிட்டியிடம் போய் டாஸ்மாக் பக்கத்துக் கட்டடம் சும்மா கிடக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், என்ன ஆகும் என்று.

ஸ்பையர்ஸ் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கடற்கரையில் அந்தப் பிள்ளைகளோடு குடும்பங்களும் இருந்தன. எல்லாம் திறந்த வெளியில், பார்க்கிறவர் கண் முன்னால் நடந்தது. உங்கள் தெருவிலும் அப்படி நடத்த முடிந்தால் தாராளமாகச் செய்யுங்கள். முடியாவிட்டால் கோவிலுக்குள்ளேயே இருங்கள்.

வள்ளியூர்_அம்மா:

நான் கிறிஸ்தவள் இல்லை. தங்கச்சி ஒருத்தி இந்த இழையை அனுப்பினாள், அதனால் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள், இயேசு கதை எனக்குப் புதிது இல்லை. என் மகள் சின்ன வகுப்பில் இருக்கும்போது பக்கத்துத் தெருவில் லீவு வகுப்பு நடந்தது, போனாள். பாட்டெல்லாம் நன்றாக ஆடிப் பாடுவாள், எங்கள் வீட்டில் எல்லாரும் ரசித்தோம். கடைசி நாளில் ஒரு புதிய ஏற்பாடு பரிசாகக் கொடுத்தார்கள். சாமி புத்தகத்தைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று என் மாமியார் அதைப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். அதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.

சில மாதம் கழித்து அந்த வகுப்பை நடத்திய அமைப்பின் பத்திரிகை ஒன்று எங்கள் கைக்கு வந்தது. அதில் என் மகள் படம். கீழே, இருளில் வாழும் குடும்பத்திலிருந்து வந்த பிள்ளை, ஜெபித்துத் தாராளமாகக் கொடுங்கள் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குப் போட்ட சத்தம் எனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் என்ன இருள்? லைட் பில் மாசாமாசம் கட்டுகிறோம். யாராவது கதவைத் தட்டி "அக்கா, இப்படி ஒரு வகுப்பு, இயேசு கதை சொல்லுவோம், அனுப்புவீர்களா" என்று கேட்டிருந்தால் நானே கூட்டிக்கொண்டு வந்து விட்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை. பிள்ளையிடம் மிட்டாயைக் கொடுத்துக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

தேரிக்காட்டான்:

அக்கா, இதை எழுதியதற்கு ரொம்ப நன்றி. கமிட்டியில் வாசித்துக் காட்டலாமா?

வள்ளியூர்_அம்மா:

தாராளமாக. ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம்.

அறுவடை_வயல்:

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. பெற்றோரிடம் கேட்டுத்தான் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்றால் பாதிப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரவே சேராது. நாலு வயதிலிருந்து பதினாலு வயதுக்குள் கேட்கிறதுதான் நெஞ்சில் நிற்கும். லூயிஸ் புஷ் என்ற மிஷன் தலைவர் 2009 முதல் இந்த வயதை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பேசினார். இது வெறும் பேச்சு இல்லை, நானே சாட்சி. எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு இல்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது தெருமுனையில் ஒரு அண்ணன் நடத்திய வகுப்பில்தான் நான் ஆண்டவரை அறிந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காலை உடைத்திருப்பார். அந்த அண்ணன் அப்பாவிடம் அனுமதி கேட்டிருந்தால் இன்றைக்கு நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பத்திரிகையில் படம் போட்டது அசிங்கம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கதவு கதவாகப் போய்க் கையெழுத்து வாங்கு என்றால், அது பயம்.

முன்னாள்_டைரக்டர்:

உங்கள் சாட்சியைக் குறைத்துப் பேச மாட்டேன் சகோதரா. ஒன்று மட்டும் கேட்கிறேன், அப்பாவுக்கு எப்போது தெரிந்தது?

அறுவடை_வயல்:

காலேஜ் படிக்கும்போது. அதற்குப் பிறகு மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார். ஆனால் அந்த அண்ணனை வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று இன்றைக்கும் சொல்கிறார்.

முன்னாள்_டைரக்டர்:

அந்த அண்ணன் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் அப்பாவோடு காபி குடித்திருக்க வேண்டியவர். உங்களுக்குக் கொடுத்ததை அவர் உங்கள் வீட்டுக்குக் கொடுக்க முடியாமல் போய்விட்டதே, எனக்கு அதுதான் வருத்தம்.

அறுவடை_வயல்:

அது உண்மைதான். ஆனாலும் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கருப்புக்கோட்டு:

சட்டம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி இழைகளில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அரசியல் சாசனம் 25 ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்தப் பரப்புகிற உரிமைக்கு எல்லை எது என்று 1977 இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது. தமிழ்நாட்டில் 2002 இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004 இல் திரும்பப் பெறப்பட்டது, அதனால் இங்கே இன்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. வேறு பல மாநிலங்களில் உண்டு, அங்கே நடந்ததை வைத்து இங்கே பேச வேண்டாம்.

இடம் முக்கியம். பக்கத்தில் இருக்கிற அரசு உதவி பெறும் பள்ளி வராந்தாவில் நடத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். சாசனத்தின் 28(3) என்ன சொல்கிறது என்றால், அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் பிள்ளையை அங்கே நடக்கும் மத போதனையில் பங்கெடுக்க வைக்க வேண்டுமானால், பிள்ளை மைனர் என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும். லீவு நாள்தானே என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அதே பிள்ளைகள், அதே டீச்சர், அதே கட்டடம் என்றால் பெற்றோர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்தி. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும், இது கோவில் கொடைத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாருக்கும் பொது.

இதெல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது வேறு. ஊர் பேர் தெரியாத வாலன்டியர்களை வெளியிலிருந்து கூட்டி வந்து பிள்ளைகளோடு விடுகிறார்கள். எந்த வாலன்டியரும் எந்தப் பிள்ளையையும் தனியாக எங்கேயும் கூட்டிப் போகக்கூடாது, வண்டியில் வீட்டில் கொண்டு விடுகிறேன் என்பதும் கூடாது. ஏதாவது தப்பு நடந்தது தெரிந்தால் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) சொல்லி அமுக்கப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீஸில் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098ஐ எல்லா டீச்சரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், மனப்பாட வசனத்துக்கு முன்னால்.

பொட்டல்:

காலனி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அப்படி ஒரு காலனியில் வளர்ந்தவன், எங்கள் வீடு கிறிஸ்தவ வீடுதான். எங்கள் ஊரில் கோவிலுக்குள் பத்து நாள் வி.பி.எஸ். நடக்கும், அவர்களுக்குக் கலர் புத்தகம், தொப்பி, கடைசி நாளில் பிரியாணி. எங்கள் தெருவுக்கு ஒருநாள் சாயங்காலம் வந்து ஜெராக்ஸ் தாளில் ஒரு படம், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கு இரண்டு, ஒரு பாட்டு, ஒரு போட்டோ. பிள்ளைக்கு எல்லாம் தெரியும் சார். தனக்கு ஏன் ஒருநாள், அவனுக்கு ஏன் பத்து நாள் என்று ஏழு வயதில் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் தெருவில் வைக்கிறீர்கள் என்றால் எந்தத் தெருவில்? பின்தெருவில் வைத்தால் எங்கள் பிள்ளைகள் அங்கே வர முடியுமா? காலனியில் வைத்தால் உங்கள் சபைப் பேரப்பிள்ளைகளை அந்தத் தாத்தா பாட்டி அனுப்புவார்களா? அனுப்ப மாட்டார்கள் என்றால், இந்துக் குடும்பங்களிடம் போவதற்கு முன்னால் உங்கள் சபையிடம் போங்கள்.

ரஸ்னா_தம்ளர்:

இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் அடுத்த விஷயத்துக்குப் போகாதீர்கள்.

தேரிக்காட்டான்:

பதில் சொல்கிறேன். எங்கள் சபையிலும் அப்படித்தான். மூன்று நான்கு வீடுகள் அனுப்புவார்கள், மற்றவர்கள் வெயில், தூரம் என்று ஏதாவது சொல்வார்கள். ரோட்டைக் கடக்க அரை நிமிடம். என்ன செய்வது என்று உடனே சொல்லத் தெரியவில்லை. ஆனால் காலனிக்கு ஒருநாள், இங்கே பத்து நாள் என்ற கணக்கு மட்டும் இருக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடற்கரைச்_சாலை:

நாங்கள் கத்தோலிக்கர், தூத்துக்குடி. எங்களிடம் அன்பியம் என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பங்கை (ஒரு கோவிலைச் சேர்ந்த குடும்பங்களை) அக்கம்பக்கத்து வீடுகளாகப் பிரித்து ஒவ்வொரு வீட்டிலும் மாறி மாறிக் கூடுவோம். ஜெபம், வாசகம், அப்புறம் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு ஃபீஸ் கட்டவில்லை என்ற பேச்சு. அதில் பிள்ளைகள் தானாக வந்து சேர்ந்துவிடும், பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் வந்து சுண்டல் தின்றுவிட்டுப் போகும், யாரும் யாரையும் கணக்கெடுக்க மாட்டோம். குறையும் உண்டு, ஆண்கள் வருவதில்லை, அன்பியம் என்றால் பெண்கள் விஷயம் என்று ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் நடக்கிற விஷயத்துக்கு ஊரில் எதிர்ப்பு குறைவு, ஏனென்றால் அந்த வீட்டுக்காரர் அந்தத் தெருக்காரர். வெளியூர்க் குழு வந்து கூடாரம் அடிப்பதுதான் பிரச்சினை. வருடம் முழுக்க அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகாதவன் மே மாதம் மட்டும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தால் யார் நம்புவார்?

மட்டுநகர்_வாசி:

வணக்கம், மட்டக்களப்பிலிருந்து. எங்கட பக்கம் ஞாயிறு காலையில் இந்துப் பிள்ளைகளுக்குக் கோயிலில் அறநெறிப் பாடசாலை நடக்கும். அந்த நேரத்தில் ஒரு சபை வாகனம் அனுப்பிப் பிள்ளைகளை ஏற்றினால் அது நேரடிச் சண்டைதான், நான் கண்டிருக்கிறேன். நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் ஊரில் மே மாதம் அம்மன் கொடை இருக்கும்தானே, அந்தக் கிழமையில் வைக்காதீர்கள். கொடைக்குக் கால்நாட்டுகிற நாளில் நீங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தேரிக்காட்டான்:

அட, இது எனக்குத் தோன்றவே இல்லை. கொடை மே இரண்டாவது செவ்வாய். நாங்கள் போட்டிருந்த தேதியும் அதே வாரம்தான்.

தேம்ஸ்_நதி:

குடும்பத்தோடு வருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இருக்கும் இங்கிலாந்தில் மெஸ்ஸி சர்ச் என்று ஒன்று பல சபைகளில் நடக்கிறது. 2004 இல் போர்ட்ஸ்மத் பக்கம் கௌப்ளேன் என்ற இடத்தில் ஒரு ஆங்கிலிக்கன் சபையில் லூசி மூரும் இன்னும் சிலரும் தொடங்கினார்கள். அவர்களுக்கும் உங்களுக்கு இருக்கிற பிரச்சினைதான், சுற்றி நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன, ஞாயிறு ஆராதனைக்கு யாரும் வருவதில்லை. மற்ற சபைகளும் பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் வைக்கிறார்கள், பல இடங்களில் பள்ளி விட்ட பிறகு. முதலில் கைவேலை, மண், பெயின்ட், சமையல் என்று ஒரு கதையை ஒட்டிப் பல மேசைகள். அப்புறம் சின்னதாக ஒரு பாட்டு, கதை, ஜெபம். கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பாடு. பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது, கூட ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். அதுதான் இதில் முக்கியமான விதி, மற்றதெல்லாம் அலங்காரம். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு பேப்பர் படகு செய்கிறார்கள், பல நாளுக்குப் பிறகு அவர்கள் ஒன்றாக உட்காருவது அன்றைக்குத்தான். ரகசியமும் இல்லை, அனுமதிச் சீட்டும் வேண்டாம், பெற்றோரே பக்கத்தில் இருக்கிறார்களே.

இங்கேயும் குறை சொல்கிறார்கள். வருடக்கணக்காக வருகிறார்கள், கைவேலை செய்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், விசுவாசத்தில் ஒரு அடி நகரவில்லை என்று. இருக்கலாம்.

அறுவடை_வயல்:

அதைத்தான் நான் சொன்னேன். சாப்பாடும் கைவேலையும் மட்டும் என்றால் அதற்கு மகளிர் சுய உதவிக் குழு போதும்.

முன்னாள்_டைரக்டர்:

கதையையும் ஜெபத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லையே. பெற்றோர் கேட்க வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அப்பா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத சுவிசேஷம் என்று ஒன்று இருக்கிறதா என்ன?

தம்பி தேரிக்காட்டான், மேசையும் பெயின்ட்டும் உங்களுக்கு எதற்கு? ஊரில் பாட்டிகள்தான் இருக்கிறார்கள் என்று முதல் பதிவிலேயே அலுத்துக்கொண்டீர்கள். அந்தப் பாட்டிகளில் எத்தனை பேருக்கு ஓலை பின்னத் தெரியும்? குருத்தோலை ஞாயிற்றுக்குச் சிலுவை மடிக்கிற கைதானே. ஓலைக் கிலுக்கு, காத்தாடி, பெட்டி என்று ஆளுக்கு ஒரு வித்தை இருக்கும். சென்னைப் பேரன் "எனக்கு எல்லாம் தெரியும்" என்றானே, அவன் கையில் ஒரு ஓலையைக் கொடுத்துப் பாருங்கள். காலனிப் பிள்ளை அவனை விட நன்றாகப் பின்னும், அவன் அதனிடம் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். தெர்மாகோலும் மினுமினுப் பொடியும் வாங்குகிற காசும் மிச்சம்.

பொட்டல்:

ஓலை யோசனை நல்லா இருக்கு. பாட்டிகள் காலனிக்கு வருவார்களா என்பது அடுத்த கேள்வி.

மூணாவது_பெஞ்ச்:

என் பையனுக்கு ஆட்டிசம். ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான், அதனால் எந்த வி.பி.எஸ்.ஸுக்கும் போனதில்லை. ஓலை பின்னுகிற இடம் ஒன்று சத்தமில்லாமல் இருந்தால் நாங்களும் வருவோம். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

தேரிக்காட்டான்:

நேற்று கமிட்டி நடந்தது. ராத்திரி பத்து மணி வரை. வள்ளியூர் அக்கா எழுதியதை வாசித்தேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் முடிவானது இது: கொடை முடிந்த பிறகு, ஐந்து நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். இரண்டு நாள் பின்தெருவில் ஒரு வீட்டு முற்றம், மூன்று நாள் காலனியில் சமுதாயக் கூடத்துக்கு முன்னால். மைக் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டில் ஒரு பெரியவர் வரவேண்டும், முடியாத வீட்டுக்கு முன்னாடியே போய்க் கேட்டு அவர்கள் சொல்கிற பக்கத்து வீட்டு ஆள் வரலாம். படம் எடுப்பதில்லை, வாட்ஸாப் ஸ்டேட்டஸும் கூடாது (வாலிபர்களுக்கு இதுதான் பெரிய வருத்தம்). இயேசு கதை சொல்லுவோம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவோம், ஒளிக்கப் போவதில்லை. கடைசி நாள் சாப்பாடு காலனியில், சபை வீடுகளும் அங்கேயே ஒரே பந்தியில்.

கடைசி விஷயத்துக்குத்தான் ஓட்டெடுப்பு வரை போனது. ஒரு குடும்பம் வெளிநடப்பு. பொருளாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பாட்டிகளில் நாலு பேர் சம்மதம், அதில் ஒருவர் என் பெரியம்மா, காலனிக்கு அவர் போவது இதுதான் முதல் தடவை என்று அவரே சொன்னார்.

கருப்புக்கோட்டு:

சமுதாயக் கூடம் பஞ்சாயத்துடையதா? அப்படி என்றால் பஞ்சாயத்தில் ஒரு மனு கொடுத்து நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டல்:

பந்தியில் பரிமாறுவது யார், உட்காருவது யார்? அதையும் முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

தேரிக்காட்டான்:

பாதிப் பாதி என்று பேச்சு. சமையலுக்கு காலனியிலிருந்து ஒரு அண்ணன் வருகிறார், கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர், அவரிடம் பேசியாச்சு. மூணாவது பெஞ்ச், நீங்கள் எந்த ஊர் என்று தனிமடலில் சொல்லுங்கள், பக்கம் என்றால் ஓலை பின்னுகிற இடத்தைக் கூட்டத்தை விட்டுத் தள்ளியே போடச் சொல்கிறேன்.

வள்ளியூர்_அம்மா:

சாம்பார் சாதமா, பிரியாணியா? செவ்வாய், வெள்ளி என்றால் எங்கள் மாதிரி வீடுகளில் நிறையப் பேர் கறி சாப்பிட மாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காட்டான்:

கடைசி நாள் வெள்ளிதான் வருகிறது அக்கா. சாம்பார், ரசம், பாயசம் என்று மாற்றச் சொல்கிறேன்.